சர்க்கரை நோயுள்ள காப்பக நாயை எங்களால் வைத்துக்கொள்ள முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: காப்பகத்தில் 7 வயதுப் பெண் நாய் ஒன்றைப் பார்த்து வந்திருக்கிறீர்கள், அதற்கு நான்கு மாதமாகச் சர்க்கரை நோய், இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, தினமும் காலை மாலை இன்சுலின் ஊசி. வீட்டில் நீங்களும் கணவரும் மட்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், இதுவரை யாரும் ஊசியைக் கையில் எடுத்ததில்லை. இன்னும் எத்தனை வருடம் இருக்கும், எங்களால் முடியுமா, அம்மா சொல்கிற மாதிரி வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்கிறோமா என்று மூன்று கேள்வி. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில் கேட்ட மாதிரி, "முடியவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் பட்டது. நோயைப் பற்றிய பயத்தைவிட, பாதியில் கைவிட்டுவிடுவோமோ என்ற பயம்தான் உங்களுக்கு அதிகம்.

நான் கால்நடை மருத்துவர். 18 வருடமாக நாய், பூனை மட்டுமே பார்க்கிறேன், அதில் பாதிக்கு மேல் வாரம் இரண்டு நாள் ஒரு காப்பகத்துக்கும் போய் வந்திருக்கிறேன். கண் அறுவை நிபுணர் அல்ல, ஹார்மோன் நோய்களில் தனிப் பயிற்சியும் கிடையாது. உங்கள் நாயை நான் தொட்டுப் பார்த்ததும் இல்லை. அதனால் எத்தனை யூனிட், எந்த இன்சுலின் என்பதெல்லாம் என்னிடமிருந்து வராது, அதைப் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். நாய்களுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் கணையத்தில் இன்சுலின் சுரப்பது நின்றுபோவதால் வருவது. மனிதர்கள் போடும் சர்க்கரை மாத்திரை இதற்கு எடுபடாது, ஊசிதான், அதுவும் ஆயுசு முழுக்க. பூனைக்கு இதே நோய் வந்தால் சில சமயம் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்பிவிடும், நாய்க்கு அப்படி நடப்பது அபூர்வம். ஒரு விதிவிலக்கு உண்டு: கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு இனச்சேர்க்கைப் பருவம் முடிந்த வாரங்களில் ஏறும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. அந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்துக் கருத்தடை அறுவை செய்துவிட்டால் சிலவற்றுக்கு நோய் அடங்கிவிடும். உங்களுடையது பெண் நாய் என்பதால், கருத்தடை ஆகிவிட்டதா, ஆகியிருந்தால் நோய் தெரிவதற்கு முன்பா பின்பா என்று கட்டாயம் கேளுங்கள். ஆகவில்லை என்றால் ஒவ்வொரு பருவத்துக்கும் சர்க்கரை தறிகெட்டுப் போகும், எவ்வளவு ஒழுங்காக ஊசி போட்டாலும்.

ஊசிக்கு வருகிறேன், எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான். இன்சுலின் ஊசி முடி போல மெல்லியது. தோளுக்குப் பின்னால் அல்லது விலாப் பக்கத்தில் தளர்ந்த தோலை இரண்டு விரலால் கூடாரம் மாதிரி தூக்கி, அடியில் நுழைத்து, மெதுவாக அழுத்தி, வெளியே எடுக்க வேண்டும். ஐந்து நொடி வேலை. நான் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது முதல் தடவை கை நடுங்காதவர்களைப் பார்த்ததே இல்லை, இரண்டாவது வாரத்தில் போனில் பேசிக்கொண்டே போட ஆரம்பித்துவிடுவார்கள் (அது வேண்டாம்). புதியவர்கள் செய்யும் தவறு வலிக்கச் செய்வதல்ல, ஊசி தோலின் அந்தப் பக்கமாக வெளியே வந்து மருந்து முழுதும் முடியில் போய்விடுவது. போட்ட இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும், மருந்து வாடையும் அடிக்கும். அப்போது கை துறுதுறுக்கும், இன்னொரு தடவை போட்டுவிடலாம் என்று. கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது மறுபடி போடவே கூடாது, அடுத்த வேளை வரை விட்டுவிடுங்கள். ஒரு வேளை இன்சுலின் தவறினால் நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு பேர் ஊசி போடும் வீட்டில் நான் அதிகம் பார்த்த விபத்தும் இதுதான், அவர் போடவில்லை என்று நினைத்து இவர் போடுவது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவர் அந்த நிமிடமே நேரத்தை எழுதிவிட்டால் தீர்ந்தது.

சிரிஞ்ச் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இன்சுலினில் முக்கியமாக இரண்டு அடர்த்தி புழக்கத்தில் இருக்கிறது: யூ-40 என்றால் ஒரு மில்லியில் 40 யூனிட், யூ-100 என்றால் ஒரு மில்லியில் 100 யூனிட். விலங்குகளுக்கென்றே வரும் இன்சுலினில் பல யூ-40, மனிதர்களுக்கானதில் யூ-100 பரவலாகக் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் சிரிஞ்ச் தனி, அதில் உள்ள கோடுகளும் வேறு வேறு. யூ-40 சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை யூ-100 மருந்தை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மாற்றிச் செய்தால் 10 போக வேண்டிய இடத்தில் 4தான் போகும். எனக்கு இது ஏட்டுப் படிப்பல்ல. காப்பகத்திலிருந்து தத்துப் போன ஒரு நாயை மூன்றாம் நாள் இரவு வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொடுத்தனுப்பிய மருந்து சரி, சிரிஞ்ச் தீர்ந்துபோய் வீட்டுக்காரர் மருந்துக் கடையில் "இன்சுலின் சிரிஞ்ச்" என்று மட்டும் கேட்டு வாங்கியிருந்தார், இரண்டு வகை உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மருந்தோடு கொடுத்தனுப்பிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். நாய் பிழைத்துவிட்டது. அதற்கப்புறம் மருந்துக் குப்பி, சிரிஞ்ச் உறை இரண்டிலும் ஒரே எண்ணைத் தேடச் சொல்லி, அவர்கள் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அனுப்புகிறேன்.

சர்க்கரை இறங்கிப்போனால் எப்படி இருக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் தேடிப் படிக்க முடியாது. முதலில் ஒரு மந்தம், கூப்பிட்டால் திரும்பாது, பின்னங்கால் தள்ளாடும், உடல் நடுங்கும், அப்புறம் வலிப்பு, நினைவிழப்பு. விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். சாப்பிடாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், உள்ளே போன இன்சுலின் இன்னும் சில மணி நேரம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். எதிர்ப்பக்க ஆபத்து, அதாவது சர்க்கரை ஏறிப்போவது, மெதுவாக வரும்: சாப்பிட மறுப்பது, வாந்தி, சோர்ந்து படுத்தே கிடப்பது, மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல ஒரு வாடை. அது கீட்டோன் ஏறிய நிலை, இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம். அன்றைக்கே மருத்துவமனை, நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு அங்கே இடமில்லை.

சர்க்கரை நோய் ஆயிற்றே என்று யாராவது "சுகர் ஃப்ரீ" பண்டத்தைப் பாசத்தோடு நீட்டுவார்கள். விருந்தாளிகள் முக்கியமாக. அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு அது விஷம், சர்க்கரையைச் சடாரென்று இறக்கும், ஈரலையும் கெடுக்கும். சில பற்பசைகள், சூயிங்கம், ஏன், சில மனித மருந்துகளில்கூட இருக்கிறது. மற்றபடி உணவைப் பற்றி வேதம் போலச் சொல்ல ஒன்றுமில்லை: தினமும் ஒரே உணவு, ஒரே அளவு, ஒரே நேரம். நார்ச்சத்து மிகுந்த சிறப்பு உணவு சில நாய்களுக்கு உதவுகிறது, சிலவற்றுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை, ஒல்லியான நாய்க்கு அது ஒத்துவராமலும் போகும். எதுவானாலும் வந்த முதல் மாதத்தில் உணவை மாற்றாதீர்கள். காப்பகத்தில் என்ன தின்றதோ அதையே கொடுங்கள்.

இனி நேரம். உங்கள் இருவர் விஷயத்தில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே 12 மணி நேரம். காலை ஏழு என்றால் மாலையும் ஏழு. எப்போதாவது ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது, ஆனால் வாரத்தில் மூன்று நாள் எட்டரைக்கு வீடு திரும்புகிறவர் என்றால் ஏழுக்கு ஏழு நடக்காது, காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் நடக்கவே நடக்காது. உட்கார்ந்து இரண்டு பேருடைய போன வாரத்தையும் எழுதிப் பாருங்கள். நல்ல வாரத்தை எடுக்காதீர்கள், மோசமான வாரத்தை எடுங்கள். அதில் காலையும் மாலையும் ஒரே நேரத்தில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்திருக்கிறீர்களா? இருந்திருந்தால் வேலைக்குப் போவது தடையே இல்லை. நடுவில் இருக்கும் பகல் பொழுதில் நாய்க்கு உங்களால் ஆக வேண்டிய வைத்தியம் எதுவும் கிடையாது, சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை மதியம் ஒருமுறை வெளியே விட ஆள் வேண்டும், இல்லாவிட்டால் தரையில் குளம் கட்டியிருக்கும். இரண்டு பேரைத் தவிர ஊசி போடத் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் அவசியம். காய்ச்சல் வரும், சாவு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும், ரயில் தாமதமாகும். நான் பார்த்தவரை திரும்பி வந்த நாய்களில் பெரும்பாலானவை நோய் முற்றித் திரும்பியவை அல்ல, அந்த மூன்றாவது ஆள் இல்லாத வீடுகளிலிருந்து வந்தவை. இது என் கண்ணில் பட்ட கணக்குதான், ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணைப் பற்றி நீங்கள் கொஞ்சம் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் கண்ட ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிடுகிறது, நன்றாகக் கட்டுப்படுத்தினாலும்கூட. ரத்தத்தில் மிஞ்சிய குளுக்கோஸ் கண்வில்லைக்குள் போய் சார்பிடால் என்ற பொருளாக மாறுகிறது, அது வெளியேற வழியில்லாமல் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, வில்லை ஊதி வெளுத்துப்போகிறது. சில நாய்களுக்கு இது வாரக் கணக்கில் நடந்துவிடும். எனவே வலது கண்ணும் போகும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். புரையை அகற்றிச் செயற்கை வில்லை வைக்கும் அறுவை உண்டு, பொருந்துகிற நாய்களுக்குப் பார்வை திரும்புகிறது, ஆனால் உங்கள் நாய் பொருந்துமா என்பதைக் கண் நிபுணர் விழித்திரையைச் சோதித்துத்தான் சொல்ல முடியும், என் வேலை அதோடு நின்றுவிடுகிறது. அறுவை செய்யாவிட்டாலும் புரை விழுந்த கண் சிவக்கிறதா, சுருக்கி மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அழற்சியும் கண் அழுத்தமும் வரலாம், அது வலிக்கும். பார்வை இல்லாதது மட்டும் நாய்க்கு நாம் நினைக்கிற அளவு பெரிய துக்கம் இல்லை. மேசை நாற்காலியை இடம் மாற்றாமல் இருந்தால் ஒரு மாதத்தில் வீட்டின் வரைபடம் அதன் மூக்கிலும் பாதத்திலும் ஏறிவிடும்.

அடுத்தது, நான் உறுதியாகச் சொல்லத் தயங்கும் ஒரு விஷயம். காப்பகத்தின் இரைச்சலில் இருந்த நாய் வீட்டு அமைதிக்கு வந்து சில வாரங்களில், அதே அளவு இன்சுலினுக்குச் சர்க்கரை முன்பைவிட அதிகமாக இறங்குவதைச் சில தடவை பார்த்திருக்கிறேன். மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சர்க்கரையை ஏற்றும் என்பது உறுதியான விஷயம், அதனால் அழுத்தம் குறைந்ததும் தேவையும் குறைந்ததா, அல்லது வீட்டில் நேரம் தவறாமல் ஊசி விழுந்ததாலா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எந்தக் காரணமானாலும் செய்ய வேண்டியது ஒன்றே: வந்த பத்து நாளைக்குள் ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் புது இடத்தில் பாதி நாய்கள் சரியாகச் சாப்பிடாது, சாதாரண நாயென்றால் விட்டுவிடலாம், இதற்கு விட முடியாது. முதலில் சாப்பாடு, அப்புறம் ஊசி. பாதிதான் சாப்பிட்டால் எவ்வளவு போட வேண்டும், தொடவே இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை அழைத்து வருவதற்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரையை அளப்பதற்கு, மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் நாய் ரத்தத்தில் சரியான எண்ணைக் காட்டாது, பெரும்பாலும் குறைத்துக் காட்டும். நாய்களுக்கென்று அளவு திருத்திய கருவி உண்டு, தோலில் ஒட்டும் சென்சாரையும் இப்போது நிறையப் பயன்படுத்துகிறோம், இரண்டு வாரம் வரை தாங்கும், புரண்டு தேய்த்துப் பிய்த்துப் போடும் நாய்களும் உண்டு. ஆனால் தினசரிக்கு எனக்குப் பிடித்த கருவி தண்ணீர்க் கிண்ணம். காலையில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் மீதத்தை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் குடிக்கிறது என்றால் ஏதோ சரியில்லை. எடை, பசி, தண்ணீர் மூன்றும் ஒழுங்காக இருக்கும் நாய்க்கு ஒரு நாள் எண் கொஞ்சம் கூடிப்போனதற்காக நீங்களாக அளவை ஏற்றக் கூடாது. தோல் அரிப்புக்கோ காது வலிக்கோ வேறு மருத்துவரிடம் போனால் "இதற்குச் சர்க்கரை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், ஸ்டீராய்டு கொடுத்தால் இன்சுலின் எடுபடாமல் போகும். மூத்திரத் தொற்று, பல் சீழ் இவையும் அப்படித்தான்.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். நோய் தெரிந்த முதல் சில மாதங்கள்தான் ஆபத்தான காலம், அதை இது காப்பகத்திலேயே கடந்துவிட்டது. கட்டுக்குள் வந்த நாய்கள் பல வருடம் இருந்து, கடைசியில் சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் போவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதற்கு இத்தனை வருடம் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். செலவு மட்டும் அடங்கியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இன்சுலின், சிரிஞ்ச் மாதா மாதம் வருவது, கணக்குப் போட்டுவிடலாம். முதல் மூன்று நான்கு மாதத்தில் அளவைச் சரிசெய்யப் போகும் பரிசோதனைகள்தான் திகைக்க வைக்கும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் செல்லப்பிராணிக் காப்பீடு பொதுவாகக் கைகொடுக்காது.

ஒரு சின்ன விஷயம், மருத்துவத்துக்கு வெளியே. 1921இல் டொரான்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கும் பெஸ்டும் அது அடங்கிய கணையச் சாற்றை முதலில் செலுத்திப் பார்த்தது கணையம் அகற்றப்பட்ட நாய்களுக்கு. மார்ஜோரி என்ற நாய் அந்த ஊசியால் 70 நாள் போல உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில்தான் முதல் மனிதனுக்குப் போட்டார்கள். உங்கள் அம்மா "நாய்க்கு இன்சுலினா" என்று சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கலாமா என்பதற்கு: பெரும்பாலான நல்ல காப்பகங்கள் எடுத்துக்கொள்ளும், சில இடங்களில் அதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தத்துக்கு முன்பு ஒரு மாதம் வளர்ப்புக்குத் தருவார்களா என்றும் கேளுங்கள், உங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கடந்த இரண்டு மாதத்தில் அளவு எத்தனை முறை மாறியது, ஒருமுறையாவது சர்க்கரை இறங்கி விழுந்ததா, தட்டைக் காலி செய்கிற நாயா கொறிக்கிற நாயா, இவற்றுக்கு அவர்கள் தாளைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்பது பதில் இல்லை.

மோசமான வாரத்தை எழுதிப் பார்த்ததில் நேரம் ஒத்துவந்து, அந்த மூன்றாவது ஆளும் கிடைத்துவிட்டால், எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு முன் ஒருநாள் மாலை ஊசி நேரத்துக்குக் காப்பகத்துக்குப் போங்கள், இரண்டு பேரும். பணியாளர் பக்கத்தில் நிற்க, தட்டில் சாப்பாடு வைத்து, அது சாப்பிட்டு முடிக்கப் போகும்போது நீங்களே ஊசியைப் போடுங்கள். ஊசி உள்ளே போகிற நொடியில் நாயைப் பாருங்கள், தட்டிலிருந்து தலையைத் தூக்குகிறதா என்று. பெரும்பாலும் தூக்காது.